மாதக் கடைசிப் பக்கத்தில் ஒரு டிரைவர்

கம்ப்யூட்டரில் ஒரு தட்டுத் தட்டினால் போதும், இந்த மாதம் உலகத்தில் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று உங்களுக்கு வரிசையாக வந்து நிற்கிறது. பிறந்த ஊர், வாங்கிய விருது, என்ன நோய், கடைசியாக என்ன சொன்னார், எல்லாம் தயார். பார்க்க எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்திப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் அன்றைக்கு டீக்கடையில் வைத்து என்னிடம் ஒன்று கேட்டீர்கள். "அந்தப் பக்கத்துல அப்படி என்ன அண்ணாச்சி இருக்கு? செத்தவங்க லிஸ்ட்டுதானே?" நான் சிரித்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு எனக்கே பிடிக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நெல்லைப் பதிப்பில் மாதக் கடைசியில் அரைப் பக்கம் அதற்கென்று உண்டு. 'இம்மாதம் மறைந்தவர்கள்' என்று தலைப்பு. ஏஜென்சியிலிருந்து வரும் இங்கிலீஷ் செய்தியைத் தமிழில் சுருக்கி, ஆளுக்கு ஐந்து வரியிலிருந்து பன்னிரண்டு வரி வரை. ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கம் என் கையில்தான் இருந்தது. நான் பத்தாவதுக்கு மேல் படித்தவன் இல்லை. அச்சுப் பகுதியில் சேர்ந்து, பிழை திருத்தப் போய், அங்கிருந்து மொழிபெயர்ப்பு மேசைக்கு வந்தவன். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நான் புரிந்து படித்த முதல் இங்கிலீஷ் மரணச் செய்திதான். வாக்கியம் லேசாக இருக்கும். பிறந்தார், செய்தார், போனார்.

எனக்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பார்த்தவர் ஒரே ஒரு விதிதான் சொல்லிவிட்டுப் போனார். யாரையும் பெரிய ஆள் என்று மேலே தூக்கிப் போடக் கூடாது, போன நாள்படி வரிசையாகப் போட வேண்டும். ஒருநாள் நான் ஒரு நாட்டின் அதிபரைத் தூக்கி மேலே வைத்தபோது, "சாவுல என்ன வே சீனியாரிட்டி?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார். 

அந்தப் பக்கத்தைப் படிக்க ஆள் இல்லை என்று நினைக்காதீர்கள். பாளையங்கோட்டையில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் அதைக் கத்தரித்து வைத்துக்கொள்வார்கள். எனக்கு முடி வெட்டுகிறவர் மாதம் பிறந்தால் விமரிசனம் சொல்வார். "இந்த மாசம் பாட்டுக்காரங்க நெறையப் போயிட்டாவ போலிருக்கே அண்ணாச்சி." இன்னொரு தடவை, கத்தரியை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, "எந்த நாட்டுக்காரனா இருந்தா என்ன, கடைசியில நெஞ்சுவலி, இல்லேன்னா வயசு. இந்த ஒரு ஊருக்குத்தான் பாஸ்போர்ட்டு கேக்க மாட்டான்" என்றார். அன்றிலிருந்து அவரிடம் தலையைக் கொடுப்பதே இப்படி ஏதாவது கேட்கலாம் என்றுதான்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

மாதத்தின் கடைசி நாள். பக்கம் சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். பனிப் பிரதேசத்திலேயே வாழ்நாளைக் கழித்த விஞ்ஞானி ஒருவர், தீவு நாடு ஒன்றின் முன்னாள் அதிபர், பூகம்பத்தைப் பற்றிப் படித்த ஜப்பானியப் பேராசிரியை, ஒற்றைக் காலோடு மலை ஏறிக் காட்டிய ஒரு பெண்மணி என்று எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்தாயிற்று. பக்கம் நிரம்பிவிட்டது என்று நான் டீ சொல்லியிருந்தேன். அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது.

தென் அமெரிக்காக்காரர் ஒருவர், கால்பந்துப் பயிற்சியாளர். உலகம் முழுவதும் தெரிந்த ஆள். கடைசிக் காலத்தில் வளைகுடா நாடு ஒன்றின் அணிக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். விடியற்காலை விமான நிலையத்துக்குப் போகிற வழியில், மூடுபனியில், அவருடைய கார் லாரியில் மோதிப் போய்விட்டார். மூன்று பக்கத்துக்கு அவர் பெருமை இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வரி. காரை ஓட்டிய இந்தியர் சாகுல் மைதீன் என்பவரும் இறந்தார்.

அந்த ஒரு வரிதான் அன்றைக்கு எங்களை ஆட்டி வைத்தது. வளைகுடாவில் இருக்கும் நம்மூர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், இறந்த டிரைவர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரர் என்று அதற்குள் பேச்சு ஓடியது. சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து செய்தி ஆசிரியர் என்னை அழைத்தார்.

"உங்க ஏரியான்னு சொல்றாங்க. முதல் பக்கத்துல வைக்கலாம். வீடு, போட்டோ, மனைவி பேட்டி எல்லாம் சாயங்காலத்துக்குள்ள வேணும்."

"ஆளு யாருன்னு உறுதியாகட்டும் சார்."

"உறுதியாகிட்டே இருக்கட்டும். ஆளை அனுப்புங்க."

நான் அனுப்புவதற்கு முன்னாலேயே ஆள் போயாயிற்று. எங்கள் நிருபர் இசக்கிமுத்து. கெட்டிக்காரன், கால் ஓரிடத்தில் நிற்காது. மேலப்பாளையத்தில் சாகுல் மைதீன் என்று ஒருவர், அதே நாட்டில், அதே நகரத்தில் டிரைவராக இருக்கிறார் என்பதை எங்கேயோ விசாரித்துத் தெரிந்துகொண்டு நேராக அந்த வீட்டுக்கே போய்விட்டான். அங்கிருந்துதான் எனக்குப் போன் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

"அண்ணாச்சி, வீட்டு வாசல்ல நிக்கேன்."

"ஏலே, உள்ள போயிட்டியா?"

"போனேன். அவருக்கு ஒரு போட்டோ இருந்தா தாங்கன்னு கேட்டேன்."

"எதுக்குன்னு சொன்னியா?"

"சொல்லலை அண்ணாச்சி. ஆனா கேட்ட உடனே அந்த அம்மா அப்படியே செவத்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாவ."

பேப்பர்காரன் ஒரு வீட்டுக்குள் போய்ப் போட்டோ கேட்பது என்றால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டில் அது இன்னும் சீக்கிரம் தெரியும். நீங்கள் வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து மேலப்பாளையம் போனேன். சந்து முழுக்கப் பெண்கள். டிவியில் கீழே ஓடும் வரியில் 'ஓட்டுநர் சாகுல் மைதீன்' என்று போட்டுவிட்டான், அதைப் பார்த்துத் தெருவே திரண்டுவிட்டது. அவருடைய மனைவி ஆமினா முன்னறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கையிலிருந்த போனில் கணவருடைய எண்ணை அடித்துக்கொண்டே இருந்தார். போன் போகவில்லை. அணைத்து வைத்திருக்கிறது என்று ஏதோ அரபு மொழியில் ஒரு பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

வாசலில் ஜமாஅத் செயலாளர் நின்றார். நிதானமான மனிதர். என் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"அண்ணாச்சி, ஏஜென்சி சேதி உங்க கையிலதான் இருக்கு. உறுதின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா பள்ளிவாசல்ல அறிவிச்சிருவோம். மையத்து, அதான் உடம்பு, இங்க வருதோ இல்லையோ, தொழுகை வைக்கணும். ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அறிவித்துவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். உங்களில் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவர் இறந்த பெண் இத்தா இருக்க வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் வெளியாட்கள் கண்ணில் படாமல், நகை நட்டு இல்லாமல், வீட்டுக்குள்ளேயே இருப்பது. ஒலிபெருக்கியில் பெயர் சொன்ன நிமிடத்தில் அந்தப் பெண்ணின் கை வளையலைக் கழற்றிவிடுவார்கள்.

ஆமினா என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, நீங்க பெரியவங்க. உள்ளதைச் சொல்லுங்க. நான் இத்தாவுல உக்காரணுமா, வேண்டாமா?"

என் நாற்பது வருஷத்து வேலையில் இப்படி ஒரு கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சட்டைப்பையில் ஏஜென்சி செய்தி மடித்து இருந்தது. பெயர் இருந்தது, அங்குள்ள நகரம் பொருந்தியது, தொழில் பொருந்தியது, போனும் போகவில்லை. வேறு என்ன வேண்டும் என்று யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நான், "எனக்குத் தெரியலை தாயி" என்றேன்.

பின்னால் நின்ற ஒரு வயதான அம்மாள் வெடித்துவிட்டார். "தெரியலையா? பேப்பர்காரவுளுக்கே தெரியலேன்னா அப்பொறம் என்னத்துக்குப் போட்டோ கேட்டு வந்தீய? எங்க பிள்ளை மொகத்தைப் பாத்துப் படம் வரையவா?"

இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். 

ஆமினா மட்டும் என் பதிலைப் பிடித்துக்கொண்டார். "தெரியலேன்னா, அப்ப என்னதான் வந்திருக்கு? என்ன பேரு போட்டிருக்கு, அதை வாசிங்க."

"சாகுல் மைதீன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தாயி."

அவர் போனைக் கீழே வைத்தார். "அங்கன எங்க வீட்டுக்காரரை ஒருத்தரும் சாகுல் மைதீன்னு கூப்பிட மாட்டாங்களே அண்ணாச்சி. அவரு வாப்பா பேரு அப்துல் காதர். அங்கன அவரு 'காதர்'தான். கம்பெனியில காதர், ரூம்ல காதர். ஒரு தடவை நான் கம்பெனிக்குப் போன் போட்டு சாகுல் மைதீனைக் கூப்பிடுங்கன்னா, அப்படி ஆளே இல்லைன்னுட்டான்."

சுற்றி நின்ற பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி ஆமினாவின் தோளைத் தடவினாள். செயலாளர் என் காதருகில், "மனசு கேக்காமப் பேசுது, பாவம்" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் தங்கை மகன் மஸ்கட்டில் இருக்கிறான், அவனுக்கும் இதே கதைதான். நம் ஊரில் அப்பா பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கும். பாஸ்போர்ட் எடுக்கும்போது அந்த எழுத்தை விரித்து முழுப் பெயராக எழுதச் சொல்வான், அது பின்னால் போய் உட்காரும். வெளிநாட்டுக்காரன் பின்னால் இருப்பதுதான் ஆளுடைய குடும்பப் பெயர் என்று நினைத்து அதையே சொல்லிக் கூப்பிடுவான். விமானம் ஏறின அன்றைக்கே நம் பிள்ளைகள் அப்பா பெயருக்குப் பதில் சொல்லப் பழகிவிடுவார்கள். ஏஜென்சி ஆளும் அந்த ஊர்ப் போலீசைக் கேட்டுத்தானே எழுதியிருப்பான். அவன் எழுதியிருப்பது பின்னால் உள்ள பெயராகத்தான் இருக்க வேண்டும்.

ஆமினா சொல்வது சரி என்றால், அங்கே இறந்தவர் சாகுல் மைதீன் இல்லை. சாகுல் மைதீனின் மகன்.

இதை நான் அந்தச் சந்தில் நின்று யோசித்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இந்த வீட்டிலிருந்து தூக்கிய பாரத்தை எந்த வீட்டில் கொண்டுபோய் இறக்கி வைக்கப்போகிறோம் என்றுதான் இருந்தது.

செயலாளரிடம், "அறிவிப்பு இப்ப வேண்டாம், முழுப் பேரு வாங்கிருதேன்" என்றேன். அவர் யோசித்தார். பிறகு, "ஒரு வக்து தொழுகை முடியட்டும், அதுவரை தள்ளிப் போடுதோம். துக்கம் தாமதமானா குத்தமில்ல, தப்பா வந்தாத்தான் குத்தம்" என்றார். அவர் பேச்சுவாக்கில் சொன்னதுதான். நான் எத்தனையோ கூட்டத்தில் அதை என் பேச்சு மாதிரி சொல்லிக் கைத்தட்டு வாங்கியிருக்கிறேன்.

வெளியே வந்ததும் இசக்கிமுத்து கேட்டான், "மத்த பேப்பர்காரன் போட்டுட்டான்னா அண்ணாச்சி?"

"போடட்டும் லே. அந்த அம்மா வளையலை நீ கழட்டப் போறியா?"

சென்னைக்குப் பேசினேன். செய்தி ஆசிரியருக்குக் கோபம். டிவியில் ஓடுகிறது, நாம் மட்டும் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்றார். நான் பெயர் விஷயத்தைச் சொன்னேன்.  "எங்க அப்பா பேர்ல எனக்கும் லண்டன்ல ஒரு தடவை அப்படி ஆச்சு" என்றார் மெதுவாக. "இருங்க, ஏஜென்சிக்கு நானே பேசறேன்." நேரத்துக்கு நெருக்கினாலும் நியாயத்துக்கு இறங்கி வருகிற மனிதர்.

மத்தியானம் நான் மேசையில் இருந்தபோது இசக்கிமுத்துவிடமிருந்து போன். அவனை நான் மேலப்பாளையத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.  அந்தப் பக்கம் பெண்கள் அழுவதும் சிரிப்பதுமாக ஒரே இரைச்சல். பிறகு ஆமினா பேசினார்.

"அண்ணாச்சி, அவரு பேசிட்டாரு. லோடு ஏத்திக்கிட்டு எல்லைப் பக்கம் போயிருந்தாராம். அங்கன டவர் கிடையாதாம். என்ன புள்ள இத்தனை மிஸ்டு காலுன்னு கேக்காரு, நான் என்னன்னு சொல்லுவேன்?"

"நல்லது தாயி. நல்லது."

வைக்கப்போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. குரல் தாழ்ந்தது.

"அப்ப அது யாரு பெத்த பிள்ளை அண்ணாச்சி?"

அந்தப் பெண் அப்போதுதான் தன் கணவரைத் திரும்பப் பெற்றிருக்கிறார். அந்த நிமிடத்தில் இதைக் கேட்கத் தோன்றியது பாருங்கள். "தெரிஞ்சதும் சொல்லுதேன்" என்றேன்.

சிறிது நேரத்தில் சென்னையிலிருந்து முழுப் பெயர் வந்தது. ஹபீபுல்லா சாகுல் மைதீன். வயது இருபத்தாறு. மாவட்டம் திருநெல்வேலி. ஊர் இல்லை. இனி ஊரைக் கண்டுபிடிக்க வேண்டும், அந்த வீட்டுக்குப் போட்டோ கேட்க இல்லாமல் வேறு விதமாகப் போக வேண்டும், யாரை முன்னால் அனுப்புவது, அந்த ஊர் ஜமாஅத்தையா, சொந்தக்காரர் யாரையாவதா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மேசைப் போன் அடித்தது.

"பேப்பர் ஆபீசா? நான் பட்டமடையில இருந்து பேசுதேன். பஸ் ஸ்டாப்புப் பக்கத்துல டீக்கடை வச்சிருக்கேன். எம் பேரு சாகுல் மைதீன்."

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"டிவியில எம் பேரு ஓடுது தம்பி. காலையில இருந்து கடையில ஒரே கிண்டலு. மௌத்தாப் போன ஆளு டீ ஆத்துதாரு பாருங்கன்னு ஒருத்தன். காசு வாங்க மாட்டேரே பாய், நீரு போன எடத்துல செல்லாதேன்னு இன்னொருத்தன். நானும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்." பின்னால் கண்ணாடி டம்ளர் கழுவும் சத்தம் கேட்டது. "இப்பத்தான் கடையில கொஞ்சம் கூட்டம் கொறைஞ்சுது. அப்பத்தான் யோசிச்சேன். நான் டிரைவர் இல்லையே. எம் மவன்தானே டிரைவர். அங்கன எம் பேரை அவன்தானே வச்சிருக்கான்."

என்னிடம் காகிதம் இருந்தது. கண் அந்தப் பெயரிலேயே நின்றது. போனில் ஒரு தகப்பனிடம் இதைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் இருக்கவும் வழி இல்லை.

"ஐயா, கடையிலயே இருங்க. நான் நேர்ல வாரேன்."

 டம்ளர் சத்தம் நின்றுவிட்டது.

"நல்ல சேதி சொல்ல யாரும் இங்கன வரைக்கும் வர மாட்டாங்க தம்பி. எம் பேருல வந்த சேதிதானே. நானே கேட்டுக்கிடுதேன். சொல்லிருங்க."

"உங்க மகன் பேரு ஹபீபுல்லாவா?"

"ஆமா."

"அவருதான் ஐயா."

"இன்னா லில்லாஹி" என்று மெல்ல ஆரம்பித்தார். சாவுச் செய்தி கேட்டதும் சொல்லும் அந்த வசனத்தை முழுவதும் சொல்லி முடித்தார். பிறகு, "அடுப்பை அணைக்கணும்" என்று என்னிடமா, கடையில் நின்றவரிடமா என்று தெரியாமல் சொன்னார். போன் வைக்கப்பட்டது.

 நேரில்தான் சொல்வேன் என்று அடம் பிடித்திருக்கலாம். ஆனால் பட்டமடைக்குப் போய்ச் சேரும்வரை அந்த மனிதர் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் நின்றிருப்பார். கேட்கிறவர் கேட்கத் தயார் என்று தன் வாயால் சொன்னபிறகு, நாம் அவரைவிடப் பலவீனமாக இருக்கக் கூடாது. அன்றைக்கு எனக்கு அப்படித்தான் பட்டது.

இசக்கிமுத்து பைக்கில் வந்து என்னை ஏற்றிக்கொண்டான். கேமராவை எடுக்கவில்லை. நான் சொல்லவும் இல்லை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வழியில் அவன் ஒரே ஒரு தடவைதான் பேசினான். "அண்ணாச்சி, நான் காலையிலயே இங்கன வந்திருந்தா இவருகிட்டப் போட்டோ கேட்டிருப்பேன்லா."

கடையில் அடுப்பு அணைந்திருந்தது. காலையில் கிண்டல் செய்தவர்கள்தான் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் தலையைத் தூக்கவில்லை. பெரியவர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். மனைவி உயிரோடு இல்லை. ஒரே மகன். பெண் பேசி வைத்திருந்தார்களாம், ஊருக்கு வந்ததும் நிக்காஹ். நான் யார் என்று சொன்னதும் அவர் இன்னொரு ஸ்டூலை எனக்கு உட்காரத் தள்ளிவிட்டார்.

"கூட ஒரு பெரிய ஆளு மௌத்தாமே" என்றார்.

"ஆமாங்கய்யா. உலகத்துக்கே தெரிஞ்சவரு."

"தெரியும். மவன் சொல்லுவான். ஊரெல்லாம் அந்த ஆளு சத்தம் போட்டுக்கிட்டுத்தான் இருப்பாராம். கோபக்காரராம். இவன் வண்டியில ஏறினா மட்டும் தூங்கிருவாராம். 'வாப்பா, எட்டு ஊருக்குக் கேக்குற மாதிரி கத்துற மனுசன், என் வண்டியில பச்சப்பிள்ளை மாதிரி தூங்குதாரு'ன்னு சொல்லிச் சிரிப்பான். மேடு பள்ளம் தெரியாம ஓட்டுவான் தம்பி. இங்கன அவன் ஓட்டுற வேன்ல ஏறினா மடியில வச்ச டீ சிந்தாது."

நான் எழுதிக்கொள்ளவில்லை. எழுத வேண்டிய அவசியம் இருக்கவில்லை. வெளியே வந்து சென்னைக்குப் பேசினேன். மாதக் கடைசிப் பக்கத்தில், பயிற்சியாளருக்குக் கீழே, தனியாக இன்னொரு குறிப்பு வேண்டும் என்றேன். செய்தி ஆசிரியர், "பிரபலங்கள் பக்கத்துல டிரைவரா?" என்றார்.

"பக்கத்துக்குத் தலைப்பு 'இம்மாதம் மறைந்தவர்கள்' சார். பிரபலங்கள்னு நாம எங்கயும் போடலையே."

அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அஞ்சு வரி. அதுக்கு மேல வேண்டாம். யாரை எடுக்கப் போறீங்க?"

"பயிற்சியாளர்ல அஞ்சு வரி குறைச்சுக்கிடுதேன்." அவர் ஒத்துக்கொண்டார்.

உள்ளே வந்து பெரியவரிடம் சொன்னேன். இந்த மாதம் உலகத்தில் இறந்தவர்கள் என்று ஒரு பக்கம் போடுகிறோம், அதில் உங்கள் மகன் பெயரும் வரும், உங்களுக்குச் சம்மதமா என்றேன். அவர் நெடுநேரம் அணைந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போடுங்க. ஆனா அவன் பேரை மட்டும் போடுங்க தம்பி. அங்கன போனதுல இருந்து எம் பேரைச் சுமந்துக்கிட்டே திரிஞ்சுட்டான். டிவியிலயும் எம் பேரு. பெட்டி வரும்போது பெட்டி மேலயும் எம் பேருதான் இருக்கும். ஒரு இடத்துலயாவது அவன் பேரு தனியா நிக்கட்டும்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே அலுவலகத்துக்குப் போன் போட்டுக் குறிப்பைச் சொன்னேன். பிழை திருத்தும் செல்வி அந்தப் பக்கம் எழுதிக்கொண்டாள். "ஹபீபுல்லா, இருபத்தாறு வயது, பட்டமடை. ஓட்டுநர். சத்தத்துக்குப் பேர்போன மனிதர் ஒருவர் இவர் ஓட்டிய வண்டியில் நிம்மதியாகத் தூங்குவார். மடியில் வைத்த டீ சிந்தாமல் ஓட்டுவார் என்று ஊரில் சொல்கிறார்கள். பணியில் இருக்கும்போது மறைந்தார்." செல்வி திருப்பி வாசித்துக் காட்டினாள். போன் சத்தமாக இருந்ததால் கடையில் எல்லாருக்கும் கேட்டது. பெஞ்சில் இருந்தவர்களில் ஒருவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு விட்டுப்போச்சே" என்றாள் செல்வி. "நம்ம பேப்பர்ல இனிஷியல் இல்லாமப் பேரு போட மாட்டோமே. எஸ்ஸுன்னு போட்டுக்கிடட்டுமா?"

நான் பெரியவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"வேண்டாம் தாயி" என்றேன். "சாகுல் மைதீன் இங்கன உசுரோட உக்காந்திருக்காரு."